எலும்பு ஒரு கறாரான கணக்குப்பிள்ளை

ஜெஸ்கஸ்கானைத் தாண்டிப் புல்வெளியில் இறங்கிற்று கலம்.
கருகிய சமோவார் போல, ஒருக்களித்து.
குதிகாலின் அடர்த்தி பார்க்கும் சிறு கருவியோடு
கூடாரத்தில் காத்திருந்தேன்.
மார்ச் மாதம். மூக்கு நுனி மரத்துவிட்டிருந்தது.

நாற்காலியோடு தூக்கி வந்தார்கள்
திமோஃபெய் ஸவெல்யெவை.
இருநூற்றுப் பதினோரு நாள் எடையில்லாமல் இருந்தவர்.
யாரோ ஓர் ஆப்பிள் தந்தார்கள்.
வாங்கிய கை
மடிவரை தாழ்ந்தது.
"கனக்கிறது" என்றார்,
கடைக்காரன் தராசில் ஏய்த்துவிட்டதைப் போல
ஆப்பிளைப் பார்த்து.

எலும்பு கறாரான கணக்குப்பிள்ளை.
சுமை வந்தால் தூணை நிறுத்தும்.
வரவில்லையென்றால்
எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று
தானே இடிக்கத் தொடங்கும்.
உள்ளே கரைக்கிறவர்கள் ஒரு கூட்டம்,
கட்டுகிறவர்கள் ஒரு கூட்டம்.
ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது.
மேலே கரைக்கிறவர்கள் மட்டும் ஒழுங்காக வேலைக்கு வந்தார்கள்.
இடுப்பின் சுண்ணாம்பு
மாதத்துக்கு நூற்றில் ஒன்றாகச் சிறுநீரில் போயிற்று.
அந்த நீரை வடிகட்டி அவர்களே குடித்தார்கள்.
நீர் திரும்பி வந்தது.
சுண்ணாம்பு வரவில்லை.

என் கொழுந்தன் ஸெய்த்கலி சுரங்கத்தில் வெல்டர்.
பாறை சரிந்து கணைக்காலெலும்பு இரண்டாகிப்போனது.
ஏழாவது வாரம் படம் எடுத்தேன்.
முறிந்த இடம் மற்ற இடத்தைவிடத் தடித்து
புடைத்து நின்றது.
வெளிச்சப் பெட்டியில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"பற்று நல்ல பற்றுதான்.
நானாயிருந்தால் இன்னும் மழமழவென்று தேய்த்திருப்பேன்."
தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், உள்ளே.
இரண்டு வருடம் ஆகும், அவ்வளவுதான்.

அவன் எழுந்து நடந்த அன்று ஆடு அடித்தோம்.
இடுப்பெலும்பு முதல் விருந்தாளிக்கு,
நெஞ்செலும்பு மாப்பிள்ளைக்கு.
எங்கள் வழக்கம் அது.
பிள்ளைகள் நல்லியைத் தட்டித் தட்டி உறிஞ்சினார்கள்.
வளர்ந்த உடம்பின் நல்லியில் பெரும்பாலும் கொழுப்புதான்.
ரத்தம் ஊறுவது
இடுப்பில், நெஞ்செலும்பில், முதுகின் கட்டைகளில்,
நொடிக்கு இருபது லட்சம் அணுக்களாக,
நாம் சண்டை போடும்போதும்.
ஊற்று இருக்கும் இடமாய்ப் பார்த்துத்தான்
விருந்தாளிக்கு வைத்தார்களா?
கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.
"பேசாமல் சாப்பிடு, குல்ஷாரா" என்றார்கள்.

நாக்குக்கு எலும்பில்லை என்பார்கள் எங்களூரிலும்.
இருக்கிறது.
நாவின் வேரில் குதிரை லாடம் போல ஒன்று,
வேறெந்த எலும்பையும் தொடாமல்
தசையில் தொங்குகிறது.
அது தாங்குவதால்தான் விழுங்குகிறோம்,
வார்த்தைகளையும்.

போன நவம்பர், இரவுப் பணி.
காரிடாரில் ஆளில்லை.
பெரிய இயந்திரத்தின் அடியில் நானே போய்ப் படுத்தேன்.
ஐம்பத்திரண்டு வயது.
மாதவிலக்கு நின்று மூன்று வருடம்.
திரையில் என் இடுப்பு வந்தது.
விண்ணுக்குப் போகவில்லை நான்,
கராகந்தாவைத் தாண்டியதே நாலு தடவை.
ஆனாலும் அதே எண்,
திமோஃபெய்க்குக் கூடாரத்தில் எழுதிக்கொடுத்த
அதே எண், ஒரு புள்ளி முன்னே பின்னே.

அன்று அவர் கேட்டார், நிற்கலாமா என்று.
மருத்துவர் வேண்டாமென்றார்.
நான் கருவியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.
பின்னால்
இரண்டு குதிகால்கள் பலகையைத் தொடும் ஓசை.
நான் எண்ணினேன். ஒன்பது நொடி.

எங்கள் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள்.
இரண்டு வருடக் கெஞ்சலுக்குப் பிறகு,
புதுக் கண்ணாடி, புது பொத்தான்.
அண்டை வீட்டு ராய்கான் கதவைப் பிடித்துக்கொண்டு
வா வா என்கிறாள்.
பத்துக் கிலோ மாவு மூட்டை தோளில்.
ஐந்தாவது மாடி.
நீ போ, என்கிறேன்.
முதல் படி.
இந்தா, கேட்டாயே,
வாங்கிக்கொள்.